மலைக்கு நாம் பட்ட கடன்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊர் தாண்டியதும் மேற்கே கல்வராயன் மலை தெரியத் தொடங்கும். சாலையின் இருபுறமும் கரும்பு, நெல், மரவள்ளி. பேருந்தில் போகிறவர்கள் பெரும்பாலும் மலையை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிறந்த நாள் முதல் அங்கேயே இருக்கும் ஒன்றைப் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஆனால் அந்தக் கரும்பில் ஏறும் சாறும், அடுப்பில் கொதிக்கும் உலையும் அந்த மலை தந்தவை. கண்ணெதிரே இருப்பதாலேயே கண்ணில் படாமல் போனவற்றில் முதலிடம் இந்த மலைக்குத்தான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். வடக்கே ஜவ்வாது, மேற்கே சேர்வராயன், தெற்கே பச்சைமலை என்று அண்டை மலைகள் சூழ நிற்கிறது. பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்று இரு பகுதிகளாக மக்கள் இதைப் பிரித்துச் சொல்வார்கள். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் இந்த மலையில் பிறக்கின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்து 1965-இல் கட்டப்பட்ட கோமுகி அணையின் நீர்மட்ட உயரம் 46 அடி. மணிமுக்தா அணைக்கு 36 அடி. இரண்டும் சேர்ந்துதான் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து வயல்கள் பலவற்றுக்கும் பிழைப்புக் கொடுக்கின்றன. மணிமுக்தா அதோடு நிற்பதில்லை. விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாத்தூரில் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் முழுக்குப் போடுகிறவர் தலையில் விழுவது கல்வராயன் மலையில் பெய்த மழை.

இந்தத் தண்ணீருக்கு நாம் யாருக்கு நன்றி சொல்கிறோம்? அணை கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. மதகு திறக்கும் நாளில் மலர் தூவுகிறோம். மலைக்கு என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. மலையில் வாழும் மனிதர்களுக்கு என்ன செய்தோம் என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கும்.

நன்றியுணர்வைப் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. காலையில் எழுந்ததும் நமக்குக் கிடைத்த நல்லவற்றை எண்ணிப் பார்த்தால் மனம் இலேசாகும் என்கிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் அந்த எண்ணம் நம் மனத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே அடங்கிவிட்டால், அதனால் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது. இந்த மண்ணின் நீண்ட வரலாறு காட்டும் வழி வேறு. முதலில் பெற்றதை அறிய வேண்டும். யாரிடமிருந்து பெற்றோம் என்று தெரிய வேண்டும். பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டும். வியப்பு முதல் படி, கைம்மாறு கடைசிப் படி. இடையில் எங்கே நின்றுவிட்டாலும் அது முழு நன்றியாகாது.

முதல் படியைக் காட்டியவர் சங்கப் புலவர் கபிலர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவலூரில், தென்பெண்ணை ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்று அதைச் சொல்கிறார்கள். நண்பனான வள்ளல் பாரி இறந்த பிறகு அவன் மகளிருக்கு வாழ்வு தேடிக் கொடுத்துவிட்டு, இங்கே கபிலர் உயிர் நீத்தார் என்பது மரபு. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று கபிலரின் முடிவைக் குறிப்பிடுகிறது. ஒரு புலவரின் நினைவைப் பல நூற்றாண்டுகள் கழித்தும் கல்லில் வெட்டிவைத்த ஊர் இது.

அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 261 அடிகள். அதில் 99 பூக்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உலக இலக்கியத்தில் இதற்கு இணை தேடுவது கடினம் என்று நாம் பெருமைப்படுகிறோம். யார் வாயில் இந்தப் பெயர்களைக் கபிலர் வைத்தார் என்பதை மட்டும் கவனிக்கத் தவறுகிறோம். தினைப்புனம் காக்கப் போன ஒரு பெண்ணின் தோழி பேசுகிறாள். அருவியில் குளித்துவிட்டு, பூப்பறித்துப் பாறையில் குவித்த ஒரு பகல்பொழுதைச் செவிலித்தாயிடம் சொல்லும்போது அவள் அடுக்கும் பெயர்கள் அவை. அரசவைப் புலவரின் அறிவாக அல்ல, கிளி விரட்டப் போன பெண்ணின் அன்றாட அறிவாக அந்த 99 பூக்களையும் கபிலர் வைத்திருக்கிறார். அந்த வரிசையில் காந்தளும் குறிஞ்சியும் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆவாரையும் தும்பையும் துளசியும் அதே வரிசையில் இருக்கின்றன. பருத்திப் பூவுக்கும் பீர்க்கம்பூவுக்கும் அங்கே இடமுண்டு. வேலியில் படர்ந்ததையும் காட்டில் விளைந்ததையும் மலையுச்சியில் பூத்ததையும் ஒரே பாறையில் குவித்துவைத்த மனம் அது. கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்றும் பருத்தி விளைகிறது. மஞ்சள் பூத்து நிற்கும் பருத்திக்காட்டைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பூவுக்குப் பத்துப்பாட்டில் இடமுண்டு என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

வியப்பு என்பது அரிய காட்சிகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதே கபிலர் தரும் பாடம். அருவியைக் காணக் காரில் ஏறி, கல்வராயன் மலையின் மேகம் நீர்வீழ்ச்சிக்கும் பெரியார் நீர்வீழ்ச்சிக்கும் போவதில் தவறில்லை. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் செடியின் பெயர் தெரியாமல் அருவிக்கு மட்டும் வியப்பவர், வியப்பை விடுமுறை நாளுக்கு ஒதுக்கிவிட்டவர்.

அதே திருக்கோவலூரில்தான் இன்னொரு நிகழ்வும் நடந்ததாக வைணவ மரபு சொல்கிறது. மழை கொட்டும் இருட்டில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வருகிறார். இருவர் உட்காரலாம். பேயாழ்வார் வருகிறார். மூவர் நிற்கலாம். அதற்குப் பிறகு நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்கிறார்கள். யார் என்று பார்க்க விளக்கு வேண்டும். பொய்கையார் உலகையே அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தார் அன்பையே அகலாக்கினார். பேயார் கண்டார். மூன்று அந்தாதிகள் பிறந்த கதை இது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் முதலாழ்வார்களின் பாடல்களுக்கு இந்த மழையிரவுதான் தொடக்கம் என்கிறார்கள்.

இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் ஒரு செய்தி நெஞ்சில் நிற்கிறது. அவர்களுக்கு அன்று கிடைத்தது ஒரு நெருக்கமான இடைகழியும் நிற்காத மழையும் மட்டுமே. வசதியான மண்டபத்தில் அந்தத் தரிசனம் வாய்க்கவில்லை. முதலில் வந்தவர் எழுந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். பிறகு இருவரும் எழுந்து நின்று மூன்றாமவருக்கு இடம் கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் இடம் கொடுத்த பிறகே நான்காவது வருகை நிகழ்ந்தது. உலகத்தையே விளக்காகக் காணும் கண், பக்கத்தில் நிற்பவருக்கு நகர்ந்து கொடுத்தவர்களுக்குத்தான் திறந்தது. வியப்புக்கும் பகிர்வுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

இந்த உறவு ஏடுகளில் மட்டும் இருந்ததல்ல. கல்வராயன் மலையிலும் பக்கத்து மலைகளிலும் புதிய கற்காலத்து மனிதர்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகள் கிடைக்கின்றன. அவற்றின் வயது 3,000 ஆண்டுகளுக்குக் குறையாது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டிலும் கொல்லையிலும் அகப்பட்ட அந்தக் கற்களைத் தூக்கி எறியவில்லை. மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் சேர்த்து வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். தொல்லியலாளர்கள் போய்ப் பார்த்தபோது ஆயுதமும் தெய்வமும் அங்கே ஒன்றாக இருந்தன. எவரோ செய்த கருவி அது. காட்டைத் திருத்தி முதல் விதை ஊன்ற உதவிய கருவி. செய்தவரின் பெயர் தெரியாது, மொழி தெரியாது. இருந்தும் மரியாதை தொடர்கிறது. கீழே கள்ளக்குறிச்சியில் ஆயுத பூசை நாளில் லேத் பட்டறையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் பொட்டு வைத்துப் பொரி வைக்கிறோமே, அந்த வழக்கத்தை மேலே கற்கோடாரிக்கு முன் வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் புரியும். உழைக்க உதவிய பொருளுக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பது வான்சிறப்பு. துறவியரின் பெருமையும் அறத்தின் வலிமையும் மழைக்குப் பின்னர்தான் வருகின்றன. மழையிலிருந்துதான் மற்றவை தொடங்குகின்றன என்பதை அதிகார வரிசையிலேயே காட்டிவிட்டார் வள்ளுவர். பொங்கலன்று கதிரவனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு, அறுத்த நெல்லின் முதல் கதிர்களைப் பின்னி வாசலில் தொங்கவிட்டுக் குருவிக்கு என்று வரிசையாக நன்றி செலுத்திய சமூகம் இது. குருவிக்கு விட்ட கதிர் வெறும் அலங்காரமல்ல. விளைச்சலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்ற ஒப்புதல்.

அப்படிப்பட்ட சமூகம் மலையில் வாழ்ந்தவர்களுக்கு என்ன பங்கு கொடுத்தது?

காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்து குடியேறியதாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் மலையாளி மக்கள், தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். தேன் எடுத்தார்கள். கடுக்காய் பொறுக்கினார்கள். கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைகளில் தனி மதிப்பு உண்டு. அது மருந்தோடு நின்றதா? தோல் பதனிடும் தொழிலுக்குக் கடுக்காய் வேண்டும். துணியில் சாயம் பிடிக்கவும் அது வேண்டும். அந்தக்கால மாளிகைகளின் சுண்ணாம்புக் கலவை இறுகக் கடுக்காய் நீர் வேண்டும். மலைக்காட்டில் ஒருவர் குனிந்து பொறுக்கிய காய் நம் செருப்பிலும் சேலையிலும் சுவரிலும் இருந்திருக்கிறது. பொறுக்கியவர் யார் என்று நாம் கேட்டதே இல்லை.

மலை நீண்டகாலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றது, 1950-இல் அரசியல் சட்டம் வந்தது, ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. ஆனால் கல்வராயன் மலை அரசின் கைக்கு வந்தது 1976 ஜூன் 25 அன்றுதான். கீழே அணை கட்டித் தண்ணீர் பாய்ந்து பதினோரு ஆண்டுகள் ஆன பிறகும், அந்தத் தண்ணீர் பிறந்த மலையின் மக்கள் முழுக் குடிமக்களாக எண்ணப்படவில்லை. 1996-இல்தான் அவர்களுக்கு வாக்குரிமை கைகூடியது என்ற செய்தி சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து 2024-இல் விவாதமானது. நகரத்தில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும்.

அந்த 2024-ஐயும் மறக்கக் கூடாது. ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள். ஆனால் ஊடகங்களில் கல்வராயன் என்ற பெயர் கள்ளச்சாராயத்தோடு ஒட்டியே வலம்வந்தது. அதன் பிறகு உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைவாழ் மக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி, பேருந்து, குடும்ப அட்டை என்று மற்ற ஊர்கள் கேட்காமலே பெற்றவற்றைப் பற்றி நீதிமன்றம் அரசைக் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை உயிர்கள் போன பிறகே மலையை ஏறிட்டுப் பார்த்தோம் என்பது நம் காலத்தின் வெட்கம்.

வறுமையில் வாடுகிறவர்களிடம் போய் இயற்கையை வியந்து, இருப்பதற்கு நன்றி சொல்லி வாழுங்கள் என்று சொல்லலாமா? கூடாது. நன்றியுணர்வின் பெயரால் ஏழையை அடங்கியிருக்கச் சொல்வது பெரிய அநீதி. சாலையில்லாத ஊரில் பிரசவ வலியெடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வருகிறவர்களிடம் மலையின் அழகைப் பேசுவது கொடுமை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். பெற்றுக்கொண்டே இருந்தவர்கள் நாம். கடன் நம் பக்கம் இருக்கிறது.

இந்தக் கடன் எப்படிப்பட்டது என்பதைக் காட்டின் செயலை அறிந்தால் உணரலாம். மலைக்காட்டில் விழும் மழை ஒரேயடியாக ஓடிவிடுவதில்லை. உதிர்ந்த இலைப் படுகை அதைத் தாங்குகிறது. வேர்கள் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. பாறை வெடிப்புகளில் தங்கி, சுனையாகக் கசிந்து, மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் ஓடையாக வருகிறது. காடு போனால் அதே மழை மண்ணை அரித்துக்கொண்டு ஒரே நாளில் இறங்கும். அணையில் வண்டல் சேரும், கொள்ளளவு குறையும், கோடையில் ஆறு வறளும். மலையில் ஒரு மரம் நிற்பதும் சமவெளியில் ஒரு கிணறு ஊறுவதும் தொடர்புடையவை. அந்த மரத்தை வெட்டாமல் விட்டவர், காட்டுத்தீயை அணைக்க ஓடியவர், சுனையைக் காத்தவர் எல்லோரும் நம் வயலுக்கு உழைத்தவர்கள்தான்.

இப்படிப்பட்ட கடனை அடைத்த ஊர்கள் உலகில் உண்டு. நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. தண்ணீரின் தரத்தைக் காக்கப் பெரும் செலவில் சுத்திகரிப்பு ஆலை கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. நகரம் வேறு வழியைத் தேர்ந்தது. 1997-இல் மலையூர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அங்குள்ள விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் காட்டுக்கும் பணம் கொடுத்தது. மலை நன்றாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுத்தார்கள். மாநகர மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இன்றும் வடிகட்டி ஆலை இல்லாமலே வருகிறது. நன்றியை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிக் காட்டிய ஊர் அது.

நம்மாலும் முடியும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமானது. மலையையும் சமவெளியையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் சிந்திக்க வாய்ப்பு வந்திருக்கிறது. கோமுகி, மணிமுக்தா பாசனத்துக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியை அந்த ஆறுகள் பிறக்கும் இடத்தின் காட்டுக்கும் சுனைகளுக்கும் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலைமக்களுக்குச் சேர வேண்டிய பட்டாக்களைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். கடுக்காய்க்கும் தேனுக்கும் சாமைக்கும் நியாயமான விலை மலையிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். மழைக்காலத்திலும் ஆம்புலன்ஸ் போகும் சாலை ஒவ்வொரு சிற்றூருக்கும் வேண்டும். இவை சலுகைகள் அல்ல, பழைய பாக்கி.

அரசு செய்ய வேண்டியது இது. நாம் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த மலையிலிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தெருவில் நிற்கும் ஐந்து மரங்களின் பெயரையும், வேலியில் பூக்கும் ஐந்து பூக்களின் பெயரையும் அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கபிலரின் 99 பூக்களில் எவை உங்கள் ஊரில் இன்னும் பூக்கின்றன என்று பள்ளிகளில் ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். கல்வராயன் மலைக்குப் போனால் பிளாஸ்டிக் குப்பையை அங்கே விட்டுவராதீர்கள். கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ தேனும் சாமையும் வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்குங்கள். விற்பவரிடம் அவர் ஊர்ப் பெயரைக் கேளுங்கள்.

பெயர் தெரிந்த பூவை மிதிக்க மனம் வராது. பெயர் தெரிந்த மனிதரை மறப்பதும் அவ்வளவு எளிதல்ல. கபிலர் காலத்திலிருந்து இந்த மண் வியக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையை மட்டும் நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டோம். இனியும் தள்ளிப்போடுவதற்கு நம்மிடம் காரணம் எதுவும் இல்லை.